பழைய டர்ன்மாஸ்டர் லேத் (கடைசல் மெஷின்) ஒன்று விலைக்கு வருகிறது. வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பொள்ளாச்சி மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள தென்னைநார் மில்களுக்கு மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். வயது 34. எனக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நாரடிக்கும் மெஷினின் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும், புஷ் போயிருக்கும், இல்லையென்றால் கப்ளிங்கின் போர் பெரிதாகியிருக்கும். வெல்டு வைத்து நிரப்புவதை நானே செய்துவிடுவேன். கடைசலுக்குத்தான் கோயம்புத்தூர் போக வேண்டும். போக 40 கிலோமீட்டர், வர 40. அங்கே அவர்களுக்கு ஆர்டர் வேலை இருந்தால் என் ஒற்றை ஷாஃப்ட் இரண்டு நாள் மூலையில் கிடக்கும். அதுவரை மில் நிற்கும்.

அதனால் சொந்தமாக ஒரு லேத் போட முடிவு செய்துவிட்டேன். குறிச்சி பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு பட்டறையில் கிர்லோஸ்கர் டர்ன்மாஸ்டர் 35 ஒன்று இருக்கிறது. ஆல்கியர், அதாவது வேகம் மாற்றுவதெல்லாம் கியரில்தான். ராடைப் பிடித்துச் சுழலும் சக்கில் மூன்று ஜா, நான்கு ஜா இரண்டும் உண்டு. நீள ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் ஸ்டெடியும் இருக்கிறது. பச்சை பெயின்ட் புதிதாக அடித்திருக்கிறார்கள். 1,85,000 ரூபாய் சொல்கிறார் உரிமையாளரின் மகன். அப்பா இறந்து நான்கு வருடமாக மெஷின் ஓடவில்லை என்றார். ஆனால் கரண்ட் இணைப்பு இருக்கிறது, ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார்.

ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் நான். லேத்தில் ஓரளவு வேலை தெரியும், ஆனால் லேத்தையே சோதித்து வாங்கத் தெரியாது. ஓட்டிப் பார்த்தால் போதுமா? மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்ச்சா, மில்லிமீட்டரா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. என் இடத்தில் இப்போதைக்கு சிங்கிள் ஃபேஸ்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கணபதி டர்னர்:

தம்பி, வணக்கம். முப்பத்தொரு வருடமாக லேத்தில் நிற்கிறேன். முதலில் கற்றுக்கொண்டது பீளமேட்டு பி.எஸ்.ஜி. லேத்தில். இப்போது கணபதியில் சொந்தப் பட்டறை, இரண்டு லேத். இதுவரை ஐந்து பழைய லேத் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று என்னை மூன்று வருடம் அழ வைத்தது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஓட்டிப் பார்த்தால் போதாது. எந்த லேத்தும் சும்மா சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் பெயின்ட்டை மறந்துவிடுங்கள். என்னை அழ வைத்த அந்த லேத்தும் பளபளவென்று இருந்தது. பெட்டின் மேல், அதாவது எல்லாம் தாங்கி ஓடும் நீள அடிப்பாகத்தின் மேல், கையால் சுரண்டி நேராக்கியது போல அழகாகப் பிறைபிறையாக ஸ்கிரேப்பர் தடம் வேறு. புதிதாக ஸ்கிரேப் செய்த பெட் என்று நம்பி வாங்கினேன். பட்டறைக்கு வந்து டயல் வைத்தபோதுதான் தெரிந்தது, தேய்ந்த பெட்டின் மேலேயே அழகுக்குத் தடம் போட்டிருக்கிறார்கள். ஸ்கிரேப்பர் தடம் இருப்பதால் பெட் நேராக இருக்கிறது என்று ஆகாது. கண்ணை நம்பாதீர்கள், டயலை நம்புங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: 0.01 மி.மீ. அசைவையும் முள்ளில் காட்டும் டயல், மேக்னடிக் ஸ்டாண்ட், 25–50 மைக்ரோமீட்டர், ஒரு டார்ச், ஒரு எஃகு ஸ்கேல், மண்ணெண்ணெயில் நனைத்த துணி, இரண்டடி நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, 40 மி.மீ. எம்.எஸ். ராடு ஒரு துண்டு, நீங்களே தீட்டிய ஒரு டூல் பிட். டூலை அங்கே கேட்காதீர்கள். மழுங்கிய டூலைக் கட்டிவிட்டு ஃபினிஷ் வரவில்லை என்று மெஷினைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்டைப் பாருங்கள். லேத்தில் தேய்வது பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்து ஒன்றரை அடிதான். நூற்றுக்குத் தொண்ணூறு வேலை அங்கேதான் நடக்கும். எதிர்முனையில் ராடைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கத்துப் பெட் புதிது போலவே இருக்கும். டூலைச் சுமந்து பெட்டில் ஓடும் சேடிலைச் சக் பக்கம் கொண்டு வந்து, சேடில் லாக் போல்ட்டை லேசாக இறுக்குங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றினால் சற்றே பிடித்துக்கொண்டு நகரும் அளவுக்கு வையுங்கள். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கடைசிவரை அதே இறுக்கத்தில் போனால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பாதியில் இறுகி நின்றுவிட்டால் சக் பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அப்புறம் டயல் வைத்து அளந்து பாருங்கள். சேடிலும் டெயில்ஸ்டாக்கும் பெட்டில் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. சேடிலுக்கு வெளித்தடம், டெயில்ஸ்டாக்குக்கு உள்தடம். சக்குக்குப் பக்கத்தில் டெயில்ஸ்டாக் போவதே அபூர்வம் என்பதால் அந்த உள்தடம் அங்கே தேயாமல் இருக்கும். மேக்னடிக் ஸ்டாண்டைச் சேடிலில் ஒட்டி, டயலின் முனையை உள்தடத்தின் தட்டையான பரப்பில் வைத்து, தூரக் கோடியிலிருந்து சக் வரை மெதுவாக ஓட்டுங்கள். சேடில் எவ்வளவு இறங்குகிறது என்று முள் காட்டிவிடும். துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், ஒரு சின்னச் சுருள் கிடந்தாலும் கணக்கு மாறிவிடும். 0.05 மி.மீ. வரை இறங்கினால் நாற்பது வருட மெஷினுக்கு நல்ல நிலை. 0.1 என்றால் விலையில் பேசலாம். 0.2ஐத் தாண்டினால், பெட் கிரைண்டிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரைண்டிங்கை ஏன் கடைசியாகச் சொல்கிறேன் என்றால் அது பெட்டோடு முடிவதில்லை. பெட்டைத் தேய்த்தால் சேடில் அவ்வளவுக்குக் கீழே இறங்கும். லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் அதே உயரத்தில் இருக்கும். சேடிலோடு தொங்கும் ஏப்ரன் மட்டும் இறங்கினால் அவை வளைந்து இழுபடும். அதனால் சேடிலுக்கு அடியில் டர்சைட் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி மறுபடி உயர்த்தி, ஸ்கிரேப் செய்து உட்கார வைக்க வேண்டும். செய்யக்கூடிய ஆள் கோவையில் உண்டு. ஆனால் அது தனி வேலை, தனிப் பணம்.

அடுத்து, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில். ஸ்டாண்டை, ஸ்பிண்டிலும் கியரும் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் ஒட்டுங்கள், பெட்டில் வேண்டாம். டயல் முனையை ஸ்பிண்டில் மூக்கின் மேல்புறம் வையுங்கள். சக்குக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்துக் கையால் மேலே நெம்புங்கள். முள் 0.01, 0.02 நகர்ந்து கையை எடுத்ததும் திரும்பினால் பரவாயில்லை. 0.05 நகர்ந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங் போட்ட ஸ்பிண்டில் என்றால் பின்பக்க நட்டை இறுக்கிச் சரி செய்ய வாய்ப்பு உண்டு. நெம்பும்போதே கரகரவென்று ஏதாவது கையில் தட்டினால் பேரிங்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிக் காட்டும்போது ஐந்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நான்கு வருடம் நின்ற மெஷின் என்பதால் முதலில் ஹெட்ஸ்டாக் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பித்தளை மினுமினுப்போ மரத்தூளோ தட்டக்கூடாது. கியர் சத்தத்தை மறைக்க எண்ணெயில் மரத்தூள் கலந்து விற்றதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்ணெய் சரியாக இருந்தால் குறைந்த வேகத்திலிருந்து ஒவ்வொரு வேகமாக ஏற்றி, மேல் வேகத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு முன் பேரிங் இருக்கும் இடத்தில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுடக்கூடாது.

மூடி திறந்திருக்கும்போதே டார்ச் அடித்துக் கியரின் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அந்த கியரில் பல் போயிருக்கிறது. டர்ன்மாஸ்டர் செய்த மைசூர் கிர்லோஸ்கர் 1941லேயே ஹரிஹரில் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய வார்ப்பு நயமானது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கம்பெனி மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரிஜினல் கியர் கேட்டால் கிடைக்காது, வெட்டித்தான் போட வேண்டும். கோவையில் கியர் வெட்டுபவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அது பயப்படும் விஷயம் இல்லை.

டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் ஆட்டம் இருக்கும், கட்டாயம் இருக்கும். பாதிச் சுற்று வெறுமனே சுற்றினாலும் கவலைப்படாதீர்கள். கன்மெட்டலில் ஒரு நட் கடைந்து போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதை அந்த லேத்திலேயே செய்துகொள்ளலாம். கிப், ஹாஃப் நட், டெயில்ஸ்டாக் இறக்கம், சக் ஜா தேய்மானம் எல்லாமே இந்த ரகம்தான். அவற்றைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், அவற்றுக்காக மெஷினை விட வேண்டியதில்லை. பெட்டும் ஸ்பிண்டிலும் அப்படி இல்லை.

லீட் ஸ்க்ரூ சந்தேகத்துக்கு ஸ்கேல் போதும். பத்து மரை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 60 மி.மீ. என்றால் 6 மி.மீ. பிட்ச். 63.5 என்றால் இஞ்ச்சுக்கு நான்கு மரை. இஞ்ச் ஸ்க்ரூவாக இருந்தால் 127 பல் கியர் கூட வருகிறதா என்று கேளுங்கள். ஐடிஐயில் 5pn/127 என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அந்த 127தான். p வெட்ட வேண்டிய மரையின் பிட்ச், n லீட் ஸ்க்ரூவில் இஞ்ச்சுக்கு எத்தனை மரை. இரண்டு மில்லிமீட்டர் மரைக்கு 40/127 போட வேண்டும். சேஞ்ச் கியர்கள் பெரும்பாலும் எங்காவது மூலையில் பெட்டியில் கிடக்கும். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைசியாக டெஸ்ட் கட். ராடைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே விடுங்கள். டெயில்ஸ்டாக் கொடுக்க வேண்டாம். நடுவில் 2 மி.மீ. பள்ளமாகக் கடைந்துவிட்டு, சக் பக்கம் ஒரு வளையம், வெளிமுனையில் ஒரு வளையம் என்று இரண்டை மட்டும் விடுங்கள். கிராஸ் ஸ்லைடை அசைக்காமல் ஒரே லேசான ஃபினிஷ் கட், தானியங்கி ஃபீடில். இரண்டு வளையத்தையும் மைக்ரோவில் அளந்து பாருங்கள். 0.02க்குள் வித்தியாசம் வந்தால் மிக நன்று. கூட வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். தரை ஏறி இறங்கிப் பெட் முறுக்கிக்கொண்டிருந்தாலும் டேப்பர் அடிக்கும், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுக்கும். அது லெவல் செய்தால் போகிற டேப்பர். தேய்மானமா முறுக்கா என்று முதலில் சொன்ன டயல் சோதனை பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் கடையும் ஷாஃப்ட்டின் நீளம் எவ்வளவு? எந்த பேரிங்?

பொள்ளாச்சி மெக்கானிக்:

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. எழுதி எடுத்துக்கொண்டேன். ஷாஃப்ட் மூன்றடிக்குள்தான். பேரிங் பெரும்பாலும் 6206, சில மெஷினில் 6308. மரை வெட்டும் வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தாலே அதிகம்.

கணபதி டர்னர்:

அப்படியென்றால் உங்களுக்கு 0.1 தேய்ந்த பெட்டே போதும் தம்பி. 6206 என்றால் 30 மி.மீ. போர், 16 மி.மீ. அகலம். பேரிங் உட்காரும் அந்தப் பதினாறு மில்லிமீட்டர் அகலத்துக்குள் தேய்ந்த பெட்கூடப் பெரிதாக டேப்பர் காட்டாது. பேரிங் உட்காரும் ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாக அளந்து கடையப் போகிறீர்கள். மூன்றடி முழுக்க ஒரே அளவில் வர வேண்டிய பிஸ்டன் ராடு போன்ற வேலைக்குத்தான் பெட் கண்ணாடி போல இருக்க வேண்டும். ஆனால் ஸ்பிண்டில் விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஸ்பிண்டில் ஆடினால் ஐந்து மில்லிமீட்டர் அகலச் சீட்டும் உருண்டையாக வராது.

மோட்டார் வைண்டிங்:

கரண்ட் பற்றி அண்ணன் சொல்லாததால் நான் சொல்கிறேன். திருப்பூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவும் போட்டுக்கொடுக்கிறேன்.

மோட்டாரின் நேம் பிளேட்டைப் படமெடுத்து வாருங்கள். வோல்ட் என்ற இடத்தில் 230/415 என்று இரண்டும் போட்டிருந்தால், டெர்மினல் பெட்டியில் இணைப்பை டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் ஃபேஸில் ஓடும் டிரைவ் போட்டு அப்படியே ஓட்டலாம். 415 டெல்டா என்று மட்டும் இருந்தால் சாதாரண சிங்கிள் ஃபேஸ் டிரைவில் அது முழு பலம் கொடுக்காது. நம் ஊரில் 3 எச்.பி. மோட்டார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அப்போது ரீவைண்டிங் செய்ய வேண்டும், அல்லது வேறு மோட்டார், அல்லது த்ரீ ஃபேஸ் இணைப்பு. நீங்கள் தொழிலுக்குத்தான் போடுகிறீர்கள் என்றால் மின்வாரியத்தில் த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. வெல்டிங் மெஷினுக்கும் சேர்த்து உதவும்.

டிரைவ் போட்டால் ஒன்றை மட்டும் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய லேத்தில் முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் சுவிட்ச் மோட்டார் ஒயரில் நேராக இருக்கும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அந்த சுவிட்சை வைத்துவிட்டு, ஓடும்போது திருப்பினால் டிரைவ் அந்த நொடியே போய்விடும். அப்படிப் போன டிரைவ்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. மோட்டார் ஒயரை நேராக டிரைவுக்குக் கொடுத்துவிட்டு, பழைய சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் முனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கியரில் குறையுங்கள். டிரைவில் மிகவும் கீழே இறக்கி ஓட்டினால் மோட்டாரின் ஃபேனும் மெதுவாகிச் சூடேறும், இழுவையும் இருக்காது.

அம்பத்தூர் பட்டறை:

தம்பி, அப்பாவுக்குப் பிறகு பதினொரு வருடமாகப் பட்டறையை நடத்துகிறேன். மெஷின் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. காகிதம் பற்றிச் சொல்கிறேன்.

மூடிய பட்டறை என்கிறீர்கள், உரிமையாளர் இறந்துவிட்டார் என்கிறீர்கள். முதலில் அந்த மெஷின் பெயரில் வங்கிக் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு பட்டறைகள் கடன் வாங்கும்போது மெஷின்களைத்தான் அடமானமாக எழுதிக்கொடுப்பார்கள். கடன் முடியாமல் மெஷினை நீங்கள் வாங்கி ஏற்றிப் போனால், பிறகு வங்கி ஆள் வந்து நிற்பார். எங்கள் எஸ்டேட்டிலேயே ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு ஒரு வருடம் அலைந்தார். மகனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கடன் இருந்தால் முடித்த கடிதம், மற்ற வாரிசுகளின் சம்மதம், உங்கள் பெயருக்கு ஒரு பில் அல்லது கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம். மெஷினின் நம்பர் பெட்டின் கோடியில் அடித்திருக்கும், அதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏற்றுவது. டாடா ஏஸ் பேசிவிடாதீர்கள், அது தாங்காது. டன்னுக்கு மேல் எடை. 407 பேசுங்கள். எடை முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கமும் மேல்பக்கமும் இருப்பதால் லேத் சரியும் மெஷின். சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளி லாக் செய்து, பெல்ட்டைப் பெட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவுக்கும் ஃபீட் ராடுக்கும் வெளியே பெல்ட் போனால் இரண்டும் வளைந்துவிடும். நடுவில் மரக்கட்டை வைத்து விலக்கச் சொல்லுங்கள். இந்த வேலையே செய்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள். தெரிந்தவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு தூக்க வேண்டாம். கால் போன ஆளைப் பார்த்தவள் சொல்கிறேன்.

பொள்ளாச்சி மெக்கானிக்:

அக்கா, காகிதம் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. வைண்டிங் அண்ணனுக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் மதியம் மூன்று வரை அங்கேயே இருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சேடிலை லேசாக லாக் செய்து ஓட்டியபோது இரண்டரை அடி தாண்டியதும் இறுகியது, ஆனால் நிற்கவில்லை. டயல் வைத்துப் பார்த்ததில் சக் பக்கம் 0.09 இறக்கம். மூன்று முறை வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். ஸ்பிண்டிலை நெம்பியபோது 0.02, கையை எடுத்ததும் முள் திரும்பியது. எண்ணெய் கறுப்பாக இருந்தது, ஆனால் தூளோ மினுமினுப்போ இல்லை. வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றிய பிறகுதான் ஓட்டினோம், எண்ணெய் நானே வாங்கிப் போயிருந்தேன். அரை மணி நேரம் ஓடியது, கை வைக்க முடிந்தது. ஒரு வேகத்தில் மட்டும் அண்ணன் சொன்ன அதே டக் டக். மூடியைத் திறந்து கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு கியரில் அடுத்தடுத்து இரண்டு பல் முனை உடைந்திருக்கிறது.

டெஸ்ட் கட்டில் சக் பக்க வளையம் 38.05, வெளிமுனை 38.01. இது தேய்மானமா முறுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலுக்கு அடியில் தரை வெடித்து, கீழே தகரத் துண்டு வைத்திருந்தார்கள்.

லீட் ஸ்க்ரூ பத்து மரைக்கு 60, அதனால் மில்லிமீட்டர்தான். சேஞ்ச் கியர் பெட்டி அலமாரிக்கு அடியில் கிடைத்தது. மகனுக்கே அது இருப்பது தெரியாது. பெட்டியில் அவருடைய அப்பாவின் கையெழுத்தில் எந்த மரைக்கு எந்த கியர் என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அட்டையைப் பிரித்து அவரிடமே கொடுத்துவிட்டு, நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மோட்டாரில் 415 டெல்டா மட்டும்தான். கடன் இருந்ததாம், முடித்த கடிதத்தைக் காட்டினார். தன் அக்காக்கள் இரண்டு பேரிடமும் ஒத்துக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பல் உடைந்த கியரைக் காட்டிப் பேசினேன். 1,52,000க்கு வந்திருக்கிறார். வாங்கலாமா அண்ணா?

கணபதி டர்னர்:

வாங்குங்கள் தம்பி. நல்ல மெஷின். ஸ்பிண்டில் 0.02 என்றால் அந்தப் பெரியவர் மெஷினை நன்றாக வைத்திருந்திருக்கிறார். பெட் 0.09 உங்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

டெஸ்ட் கட்டில் வந்த 0.04 பற்றிச் சொல்கிறேன். பெட்டின் முன்பக்கத் தடம் தேய்ந்தால் சேடில் உங்கள் பக்கம் சாய்ந்து டூல் ராடை விட்டு விலகும். அதனால் சக்கை நெருங்க நெருங்க ராடு பெரிதாகும். உங்களுக்கும் சக் பக்கம்தான் பெரிதாக வந்திருக்கிறது, ஆகவே தேய்மானம் ஒரு பங்கு. ஆனால் தகரத் துண்டு வைத்த தரையும் அதே டேப்பரைத் தரலாம். உங்கள் இடத்தில் சரியாக உட்கார வைத்த பிறகு மறுபடி கடைந்து பாருங்கள். பாதிக்குப் பாதி போய்விடும் என்று எதிர்பார்க்கிறேன்.

உடைந்த கியரைக் கழற்றி இங்கே கொண்டு வாருங்கள். பல் எண்ணிக்கை, வெளி விட்டம், அகலம், போர், கீவே எல்லாம் அளந்து கியர் வெட்டுபவரிடம் கொடுக்கலாம். ஜோடி கியரையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், அதன் பல்லும் அடிபட்டிருக்கலாம். பல்லை வெல்டு வைத்து அரத்தால் தேய்த்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதுக் கியர் வரும்வரை அந்த வேகத்தைத் தொடாமல் ஓட்டுங்கள்.

பொள்ளாச்சி மெக்கானிக்:

முன்பணம் கொடுத்துவிட்டேன் அண்ணா. மகனும் இரண்டு அக்காக்களும் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் வந்துவிட்டது, மெஷின் நம்பரும் அதில் இருக்கிறது. த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை மெஷின் வருகிறது. தரையை உடைத்து ஒன்பது அங்குலத்துக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கிறேன். லெவல் பார்க்க என்னிடம் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்தான் இருக்கிறது, அது போதுமா?

கணபதி டர்னர்:

போதாது. ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் மாஸ்டர் லெவல் வேண்டும், என்னிடம் இருக்கிறது. கான்கிரீட்டை இருபது நாளாவது தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். அதுவரை மெஷினைப் பக்கத்தில் மரக்கட்டை மேல் நிறுத்தி, பெட்டில் எண்ணெய் தடவித் தார்ப்பாயால் மூடி வையுங்கள். தார்ப்பாய் பெட்டில் படக்கூடாது, ஈரம் தங்கித் துரு ஏறும். காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைக்க 10 மி.மீ. பிளேட் துண்டுகளும் லெவலிங் போல்ட்டும் தயாராக வைத்திருங்கள். அந்த 40 மி.மீ. ராடில் மீதி இருந்தால் அதையும் எறிந்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சி மெக்கானிக்:

ராடு பத்திரமாக இருக்கிறது அண்ணா. 38.05, 38.01 என்று மார்க்கரில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆழியாறு மீன் வாங்கி வைக்கிறேன், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.